கல்லூரி திறக்கும்வரை அவள் படித்தது

என் தங்கையின் நுழைவுத் தேர்வு மதிப்பெண் ஜூன் மாதத்தில் ஒரு பிற்பகல் வந்தது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான ஒதுக்கீட்டில், அந்த மதிப்பெண்ணுக்கு ஏதாவதொரு அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் நிச்சயம் என்று பயிற்சி மையத்திலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். அது அவளுடைய இரண்டாவது முயற்சி. அம்மா சாமி படத்தின் முன்னால் போய் நின்றுகொண்டாள். நைனா, எங்கள் அப்பா, பாதி வழியில் ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். தங்கை மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“காலேஜ் தெறக்கறதுக்கு இன்னும் மூணு மாசம் ஆவுமாம். அதுவரைக்கும் இன்னாக்கா படிக்கறது?”

எதையும் படிக்காமல் ஒரு நாளைக் கழிப்பது எப்படி என்று அவளுக்கு மறந்துபோயிருந்தது. நான் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை படிப்பவள். தினமும் ரயிலில் சென்னைக்குப் போய் வருபவள். வீட்டில் இரண்டு ஆண்டுகளாக என் படிப்பைப் பற்றி யாரும் எதுவும் கேட்டதில்லை. அதனால் அந்தக் கேள்வியை எனக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொண்டேன். அன்று மாலையே ஒரு தாளில் ஐந்து புத்தகங்களின் பெயர்களை, படிக்க வேண்டிய வரிசைப்படி எழுதினேன். எல்லாம் நோயாளிகளும் மரணமும் வருகிற கதைகள். உடம்பைப் பற்றி அவளுக்கு நிறையத் தெரியும். அந்த உடம்பை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்களைப் பற்றியும் கல்லூரிக்குப் போகுமுன் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும் என்பது என் எண்ணம்.

நான் அந்தப் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தபோது, அவள் இன்னும் படிக்காத ஒரு தாள் எங்கள் பீரோவில் இருந்தது. நைனாவின் வயிற்றை ஸ்கேன் செய்த அறிக்கை. அதை நான் ஜனவரியிலேயே படித்திருந்தேன்.

தேர்வுக்குப் பிள்ளை படிக்கிற வீட்டுக்கு எங்கள் பக்கத்தில் சில முறைகள் உண்டு. கேபிள் துண்டிக்கப்படும். கல்யாணங்களுக்கு வீட்டிலிருந்து ஒருவர் மட்டும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவார். உறவினர்கள் வாசலோடு நின்று, குரலைத் தாழ்த்திப் பேசிவிட்டுப் போவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கெட்ட செய்தி எதுவும் அந்தப் பிள்ளையின் காதுக்குப் போகக்கூடாது. முதல் முயற்சியின்போது திருவாலங்காட்டில் எங்கள் பெரியப்பா இறந்துபோனார். பதினேழு நாள் கழித்து, தேர்வு எழுதிவிட்டு வந்த பிறகுதான் தங்கைக்கு அதைச் சொன்னோம். அந்தப் பதினேழு நாளும் அம்மா பாத்திரம் துலக்குகிற இடத்தில் மட்டுமே அழுதாள். தங்கை எதையும் கவனிக்கவில்லை. அந்த ஆண்டு அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. ஆனாலும் செய்தியை மறைத்தது தவறு என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

நைனா ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். ரயில் நிலையத்திலிருந்து கோயில் மலைக்கும், கூட்டம் இல்லாத நாட்களில் கே.ஜி.கண்டிகைக்கும் ஓட்டுவார். வேளைக்குச் சாப்பிடாத தொழில். நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் பல வருடங்களாக உண்டு. இளஞ்சிவப்பு மருந்து பாட்டில் ஒன்று வண்டியிலேயே இருக்கும். தங்கை இரண்டாம் முயற்சிக்குப் படித்துக்கொண்டிருந்த குளிர்காலத்தில் இரண்டு இட்லி சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்ல ஆரம்பித்தார். பிறகு சாப்பிட்டதை வாந்தி எடுத்தார். டவுனில் ஒரு டாக்டர் ஸ்கேன் எடுத்துவரச் சொன்னார்.

ஜனவரியில் ஒரு மாலை, நான் ரயிலிலிருந்து இறங்கி வந்தபோது நைனா வேறு யாரையும் ஏற்றாமல் காத்திருந்தார். வீட்டுப் பக்கம் திரும்பாமல் கொஞ்ச தூரம் ஓட்டிக்கொண்டு போய், ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். சட்டைக்குள்ளிருந்து ஒரு வெள்ளை உறையை எடுத்து நீட்டினார்.

“இங்கிலீஷ்ல இருக்குது. நீ அதத்தான படிக்கற. படி.”

ஒரே பக்கம். நான் ஒவ்வொரு வாக்கியமாகப் படித்து, ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னேன். கல்லீரல் இயல்பாக இருக்கிறது. சிறுநீரகங்கள் இயல்பாக இருக்கின்றன. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் சுவர் தடித்திருக்கிறது. காரணம் அறிய, உள்ளே குழாய் செலுத்திப் பார்க்கும் சோதனை பரிந்துரைக்கப்படுகிறது. எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சரியாகச் சொன்னேன் என்ற ஒரு சிறு திருப்திகூட எனக்கு இருந்தது.

“தடிச்சிருக்குதுன்னா?”

“வீக்கம் மாதிரி நைனா. புண்ணாகூட இருக்கலாம். குழாய் உட்டுப் பாத்தாதான் தெரியும்னு எழுதியிருக்காங்க.”

“அது எங்க பாக்கறது?”

“சென்னைக்குப் போவணும். இல்லைனா வேலூரு.”

அவர் கண்ணாடியில் பின்னால் வந்த ஒரு லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது கடந்து போனது.

“ரெண்டு நாள் ஆவும். கூட ஒர்த்தர் வரணும். எங்க போறீங்கன்னு சின்னவ கேப்பா. மே மாசம் பரீட்ச. நடுவுல நாலு மாசந்தான? இத்தினி வருசம் இருந்த வயித்து வலி இன்னும் நாலு மாசம் இருந்துட்டுப் போவுது. அவ எழுதி முடிக்கட்டும்.” பிறகு, “அம்மாகிட்ட சொல்லாத. அது மூஞ்சியே காட்டிக் குடுத்துடும்” என்றார்.

நான் யோசிக்காமல் பதில் சொன்னேன் என்று எழுதினால் அது பொய். யோசித்தேன். முதல் முயற்சியில் தோற்றபோது தங்கை இருந்த இருப்பை யோசித்தேன். இது அவருடைய உடம்பு, அவருடைய முடிவு என்றும் யோசித்தேன். ‘பரிந்துரைக்கப்படுகிறது’ என்பது அவசரம் இல்லாத சொல்லாகத் தோன்றியது. இவ்வளவையும் யோசித்துவிட்டு, “சரி நைனா” என்றேன்.

மறுநாள் ரயில் மணவூரைத் தாண்டும்போது, அறிக்கையில் இருந்த சொற்களைக் கைபேசியில் தேடினேன். மூன்று காரணங்கள் போட்டிருந்தார்கள். இரண்டைப் படித்தேன். மூன்றாவதைத் திறக்காமல் மூடிவிட்டு, வகுப்புக்கு எடுத்துவந்த நாவலைப் பிரித்துக்கொண்டேன்.

நாலு மாதத்தில் நைனா பெல்ட்டில் இரண்டு புதிய ஓட்டை போட்டார். காக்கிச் சட்டை தோளிலிருந்து இறங்கித் தொங்கியது. ஸ்டாண்டில் கேட்டவர்களிடம், பெண் டாக்டராகப் போகிறாள், அதற்காக உடம்பைக் குறைக்கிறேன் என்று சொல்வார். அவர்கள் சிரிப்பார்கள். மே மாதம் தேர்வன்று தேர்வு மையத்துக்கு எதிரே வெயிலில் காத்திருந்தபோது, ஆட்டோவுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். தங்கை வெளியே வருவதற்குள் முகத்தைக் கழுவித் தலையையும் வாரிக்கொண்டார். அன்று இரவு நான் அவரிடம், “இப்பவாவது போலாம் நைனா” என்றேன்.

“இயற்பியல் சரியா எழுதலன்னு அழுதுகினு இருக்கறா. இப்பப் போயி இதச் சொல்லச் சொல்றியா? மார்க்கு வரட்டும்.”

அதற்கும் நான் எதிர்ப்புச் சொல்லவில்லை.

இப்படித்தான் ஜூன் வந்தது. கல்லூரி நூலகத்திலிருந்து ஐந்தில் மூன்று புத்தகங்களை எடுத்துவந்து தங்கையிடம் கொடுத்தேன். அவள் முதல் புத்தகத்தை, கையில் பென்சிலுடன், ஒரு மணி நேரம் படித்தாள். நைனா கஞ்சித் தம்ளரை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“இதுல இன்னா கேப்பாங்க?” என்று தங்கை என்னிடம் கேட்டாள்.

“யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க.”

“கேக்க மாட்டாங்களா? அப்புறம் எதுக்கு இந்தாளு சாவறதுக்கு நூறு பக்கம்? இவனுக்கு டிபி. மூணாம் பக்கத்துலயே தெரிஞ்சிபோச்சு. ராத்திரி வேர்வ, எடை கொறையுது, இருமல். வேற ஆப்ஷனே இல்ல.”

அந்த மூன்று அறிகுறிகளுக்கும் கீழே கோடு போட்டு ஓரத்தில் எண்ணும் இட்டிருந்தாள். அது நூலகப் புத்தகம் என்று நான் கடிந்துகொண்டேன். நைனா கஞ்சி சிந்தும் அளவுக்குச் சிரித்தார். “ஏம்மா, கதைல இருக்கறவனையாவது பொழைக்க உடு” என்றார். நானும் சிரித்தேன். அடுத்த இரண்டு நாளும் அவள் அந்த விளையாட்டைத் தொடர்ந்தாள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நோய் கண்டுபிடித்தாள். பக்கத்திலேயே இருந்த நைனாவின் துருத்திய கழுத்தெலும்பை அவள் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கத்தான் நாங்கள் அவளைப் பழக்கியிருந்தோம்.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அத்தையின் கணவர் லட்டுப் பெட்டியுடன் வந்திருந்தார். அவரும் ஆட்டோ ஓட்டுபவர்தான். நைனா அவரை பாவா என்று கூப்பிடுவார், நாங்கள் மாமா என்போம்.

“டாக்டரம்மா, எனக்கு முட்டி வலிக்குது. ஒரு ஊசி போடேன்.”

“அதுக்கு இன்னும் அஞ்சு வருசம் ஆவும் மாமா.”

“அதுக்குள்ள முட்டியே தேஞ்சி பூடும்.”

“நீ தள்ளி நில்லு பாவா” என்றார் நைனா. “மொத கேஸு நாந்தான். ஜனவரிலேருந்து வரிசையில நிக்கறேன்.”

அவர் பீரோவைத் திறந்து அந்த வெள்ளை உறையை எடுத்துவந்தார். அன்று காலை அதைச் சாமி படத்தின் முன்னால் வைத்து எடுத்திருந்தார் போலிருக்கிறது. நாலு மூலையிலும், கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பதைப் போல, மஞ்சள் தடவியிருந்தது. அதை அவர் இரண்டு கையாலும் தங்கையிடம் கொடுத்தார்.

“நீ டாக்டருக்குப் படிக்கப் போறதுக்கு முன்னால மொத மொத இதப் படி. இதுக்கோசரந்தான் வெச்சிருந்தேன்.”

அவள் சிரித்துக்கொண்டே வாங்கினாள். ஒரு முறை படித்தாள். இரண்டாவது முறை தாளின் மேல்பகுதியை மட்டும், தேதி இருக்கும் இடத்தைப் படித்தாள்.

“இது ஜனவரி.”

“ஆங்.”

“இப்ப ஜூன் நைனா.”

“ஆமா. உனக்குப் பரீட்ச இருந்துச்சே.”

“யாரு படிச்சது இத?”

“அக்காதான். வரிக்கு வரி அழகா படிச்சி சொன்னா.”

தங்கை தாளை அதன் பழைய மடிப்புகளிலேயே மடித்தாள். என்னைப் பார்த்தாள். நைனாவிடம், “சட்டையக் கழட்டிட்டுப் படு” என்றாள். வயிற்றில் கைவைத்து அழுத்திப் பார்ப்பது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை. ஆனாலும் வைத்துப் பார்த்தாள். மாமா லட்டைக் கையில் வைத்துக்கொண்டும், அதுவரை எதுவும் தெரியாத அம்மா சமையலறை வாசலிலும் நின்றிருந்தார்கள்.

இரண்டாம் நாள் சென்னையில் இருந்தோம். குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதை எடுத்தார்கள், வேறு ஸ்கேன் எடுத்தார்கள். எல்லா முடிவுகளும் வந்த பிறகு எங்களைக் கூப்பிட்ட டாக்டர் இளம்பெண். என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருக்கலாம். ஜனவரித் தாளைப் பார்த்துவிட்டு, “ஆறு மாசமா என்னதான் பண்ணிட்டிருந்தீங்க?” என்றாள்.

“எங்க சின்ன பொண்ணு டாக்டருக்குப் படிச்சிகினு இருந்தா மேடம்” என்றார் நைனா. “இப்ப பாஸாயிட்டா. இவதான்.”

டாக்டர் தங்கையைப் பார்த்தாள். நைனாவையும் அம்மாவையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, எங்கள் இருவரிடமும் கல்லீரலுக்குப் பரவியிருக்கிறது என்றாள். ஜனவரியில் அந்தத் தாளில் இயல்பாக இருந்த கல்லீரல்.

“அப்பவே வந்திருந்தா?” என்று தங்கை கேட்டாள்.

“ஆபரேஷன் பத்திப் பேசியிருக்கலாம். அதுக்கு மேல நான் எதுவும் சொல்ல மாட்டேன். நீயும் கேட்டுக்காத.”

அன்று ரயிலில் திரும்பும்போது, நைனா கண்ணயர்ந்த பிறகு, அம்மாவுக்குச் சொன்னோம். நைனாவுக்குச் சொல்லக்கூடாது என்று அம்மா முடிவுசெய்தாள். புண், ஆறுவதற்குக் கொஞ்ச நாள் ஆகும், மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்ற வேண்டும் என்று அவரிடம் சொன்னோம். அவர் நம்பினார். வீட்டில் யாரும் அவர் எதிரில் அழவில்லை. அது எங்களுக்குப் பழகிய வேலை.

அதன் பிறகு தங்கை படிக்க ஆரம்பித்தாள். பயிற்சி மையத்தில் முன்பு படித்து, இப்போது மருத்துவக் கல்லூரியில் இருக்கும் ஒரு பெண்ணிடமிருந்து அறுவை மருத்துவப் பாடநூலை வாங்கிவந்தாள். கடைசி ஆண்டுகளில் படிக்க வேண்டிய புத்தகம் அது. தலையணை அளவு இருந்தது. முதல் ஆண்டுக்காரிக்கு இது எதற்கு என்று அந்தப் பெண் சிரித்தாளாம். மூன்று மாதமும் தங்கை அதில் இரைப்பையைப் பற்றிய ஒரே ஒரு அதிகாரத்தைத்தான் படித்தாள். புரியாத சொற்களை ஒரு நோட்டில் எழுதி, அவற்றுக்குப் பொருள் தேடி, அந்தப் பொருளில் புரியாத சொற்களையும் எழுதினாள். முன்பு ஆங்கிலத்தில் ஐயம் என்றால் என்னிடம் கேட்பாள். இப்போது கேட்கவில்லை. ஒரு நாள் மேசையைத் துடைக்கும்போது பார்த்தேன்: அந்த அதிகாரத்தின் கடைசி இரண்டு பக்கங்களை, வழக்கமாக நோய் எதில் முடியும் என்று சொல்லும் பக்கங்களை, சுற்றிலும் ஸ்டேப்ளர் பின் அடித்து மூடியிருந்தாள். எங்கள் வீட்டில் அவளைத் தவிர ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பின்களை எண்ணினேன். பதினொன்று. எடுத்துப் பார்க்கவில்லை.

நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுப்பதற்குமுன் அவள் போட்ட கோடுகளை ரப்பரால் அழித்தேன். அழித்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கங்களை மறுபடியும் படித்தேன். நன்றாக எழுதப்பட்ட பக்கங்கள். அவற்றை வகுப்பில் விளக்கி நான் பாராட்டு வாங்கியிருக்கிறேன். ஒரு மனிதன் நாளுக்கு நாள் மெலிவதை ஆசிரியர் எந்தெந்தச் சிறு குறிப்புகளால் உணர்த்துகிறார் என்று நாலு பக்கக் கட்டுரை எழுதியிருக்கிறேன். பெல்ட்டில் இரண்டாவது ஓட்டை விழுந்த வாரத்தில் எழுதிய கட்டுரை அது. இலக்கியம் மனிதரைக் கவனிக்கக் கற்றுத்தருகிறது என்று அதன் முடிவுரையில் சொல்லியிருந்தேன். இப்போது அப்படி ஒரு வாக்கியத்தை யார் எழுதினாலும் என்னால் மேலே படிக்க முடிவதில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு நைனா வண்டி எடுக்கவில்லை. எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் முறை. தெருவில் காவடிகள் போய்க்கொண்டே இருந்தன. நிறுத்திவைத்த ஆட்டோவின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, போகிறவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மாதமே தங்கைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் ஒதுக்கிய ஆணை வந்தது. தெற்கே ஒரு மாவட்டம். ஒரு இரவு முழுக்கப் பயணம். ஆணையைப் படித்துவிட்டு அவள், “நா போவல” என்றாள்.

“இன்னாது?” என்றார் நைனா.

“உனக்கு உடம்பு சரியாவட்டும். அடுத்த வருசம் எழுதிக்கறேன்.”

“அடுத்த வருசம் மறுபடி எழுதி, மறுபடி மார்க்கு வாங்கி? யாரு கண்டா?” அவருக்கு மூச்சு வாங்கியது. கோபத்தில் சொல்லவில்லை, கணக்குப் புரியாதவர் கேட்பதைப் போலத்தான் கேட்டார். “அப்ப ஜனவரிலேருந்து நா வலியப் பொறுத்துகினு இருந்தது எதுக்கு, சொல்லு?”

அவள் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

சேர்க்கைக்கு அம்மா அவளுடன் போனாள். நைனாவைத் தனியே விட முடியாது என்பதால் நான் இருந்துகொண்டேன். அத்தையை அவருக்குத் துணையாக உட்காரவைத்துவிட்டு, ரயில் நிலையத்துக்கு மாமாவின் ஆட்டோவில் போனோம். நடைமேடையில் தங்கை என்னிடம் பேசினாள். எந்த மாத்திரை எப்போது, காய்ச்சல் எவ்வளவு வந்தால் உடனே கிளம்ப வேண்டும், வாந்தியில் எந்த நிறம் தெரிந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று வரிசையாகச் சொன்னாள். நான் எழுதிக்கொண்டேன். முடிந்துவிட்டது என்று நினைத்துத் தாளை மடித்தேன்.

“ஜனவரியிலயே சொல்லியிருந்தா எனக்கு இந்த சீட்டு வந்திருக்காது” என்றாள். “உக்காந்து படிச்சிருக்கவே மாட்டேன். எனக்குத் தெரியும். நீ சரியா பண்ணேன்னு சொல்றதுக்கு இதச் சொல்லல.”

“தெரியும்.”

“அஞ்சு வருசம் அந்தக் கிளாஸ்ல போயி எப்பிடி உக்காரப் போறேன்னு எனக்குத் தெரியல.”

அம்மா பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ரயில் வந்தது, அவர்கள் ஏறிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது நைனா விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

“ஏறிட்டாளா?”

“ஆங்.”

“எடம் கெடச்சுதா?”

“ஜன்னலோரமே கெடச்சுது நைனா.”

“அஞ்சர வருசம் இல்ல?”

“ஆமா. கடைசி ஒரு வருசம் ஆஸ்பத்திரியிலயே வேல.”

“நம்ம ஊரு ஆஸ்பத்திரிக்கே போட்டாங்கன்னா நல்லாருக்கும். மல ஏறி வர்றவங்கோ மயக்கம் போட்டு எத்தினி பேர நா இட்டுகினு போயிருக்கேன், ஒரு டாக்டர் இருந்ததில்ல.” கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். “இந்தப் புண்ணு ஆறனதும் வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கணும். பின்னாடி ‘டாக்டர் வீடு’ன்னு எழுதலாம்னு பாக்கறேன். பீத்திக்கறான்னு சொல்லுவாங்களா?”

“சொல்ல மாட்டாங்க நைனா.”

“இன்னா கலருல எழுதறது?”

வண்டி மஞ்சள், சிவப்பில் எழுதினால் தூரத்திலிருந்தே தெரியும் என்றேன்.